முதுகுப் பக்கம் கோல் போஸ்ட்

மைதானத்துப் படிக்கட்டில், முதல் படியில் மிக்கேலடிமை. பக்கத்தில் அவருடைய குடை. அதற்கும் ஓர் இடம்.

இரண்டாம் படியில் பெர்லின், நம் கோல்கீப்பர் ஷிஜினின் மனைவி. மடியில் குழந்தை.

மூன்றாம் படியில் சங்கத் தலைவர், வெறுங்காலோடு. ஊர் முதல் டிவிஷனுக்குப் போகும்வரை செருப்பு போடுவதில்லை என்று நேர்ந்திருந்தார். இது ஆறாவது வருஷம்.

நான் எல்லோருக்கும் முன்னால், கயிற்றை ஒட்டி.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

தங்கை, வெளியே வராத கன்னியர் மடத்தில் இருக்கிறாள். போன் கிடையாது, பேப்பர் கிடையாது. மாதம் ஒரு கடிதம். யார் எங்கே இருந்தார்கள் என்பதில் தொடங்கு, முடிவை முதலில் சொன்னால் கிழித்துவிடுவேன் என்று போன மாதமே எழுதிவிட்டாள். ஜெபத்தில் கால்பந்தைச் சேர்க்கக் கூடாதென்று மதர் சொல்லியிருக்கிறாராம். 'கடற்கரை மக்களின் உயர்வுக்காக' என்று சேர்த்துக்கொள்கிறாளாம்.

ஜெயித்தால் நம் தென்னந்துறை முதல் டிவிஷனுக்குப் போகும். சமன் என்றால் எதிரணி மணல்குறிச்சி போகும்.

எழுபதாவது நிமிஷம் ஒரு கோல். நம்முடையது.

தொண்ணூற்று மூன்றாவது நிமிஷம் நம் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்டி. அவர்களுக்கு.

"மக்ளே, திரும்பு." மிக்கேலடிமைதான் முதலில்.

பிறகு படி முழுக்க.

"எக்கா, திரும்பிக்கிடு."

"பாத்தியன்னா நாளைக்கு ஒனக்கு மீனு கெடையாது, சொல்லியாச்சு."

பதினோரு வருஷ வழக்கம். முதன்முதலில் ஒரு மேட்ச்சில் அவள் கழன்ற செருப்பைத் தேடித் திரும்பியிருந்தபோது எதிராளியின் பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதிலிருந்து எதிராளியின் எந்தப் பெனால்டிக்கும் அவள் மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். ஒரே ஒருமுறை ஆசைப்பட்டுப் பார்த்தாள். பந்து உள்ளே போனது. ஊரில் நாலு நாள் யாரும் அவளோடு பேசவில்லை.

திரும்பினாள்.

எதிரே படிகள். இத்தனை வருஷமும் பெனால்டிகளை இந்த முகங்களில்தான் பார்த்திருக்கிறாள். தங்கைக்கும் அப்படியே எழுதியிருக்கிறாள்.

மிக்கேலடிமை குடையை விரித்து அதற்குள் போய்விட்டார்.

பெர்லின் குழந்தையின் கழுத்தில் முகம் புதைத்திருந்தாள்.

தலைவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு முகம்கூட இல்லை.

கடிதத்தில் என்னத்தை எழுதுவது?

விசில் ஒலித்தது.

அவள் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஷிஜின் தப்பான பக்கம் பாய்ந்தான். பந்து நடுவே வந்தது. தரையில் இழுபட்டுக் கிடந்த அவன் இடது குதிகாலில் பட்டு எழும்பி, கோலின் மேல்கம்பியைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தது.

அவள் மறுபடி முதுகைக் காட்டி நின்றுகொண்ட பிறகுதான் படிகளில் கண்கள் திறந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசைப்படி எழுத முடியாது. குழந்தை எப்படியோ தலைவர் தோளில் இருந்தது. குடை கடைசிப் படியில் கிடந்தது.

"வலது கையாலல்லா தட்டினான்," என்றார் மிக்கேலடிமை.

"நீரு கொடைக்குள்ள இருந்தீரே," என்றாள் பெர்லின்.

"கொடையில ஓட்டை உண்டும் பிள்ளே."

ஷிஜினிடமே கேட்டார்கள். காலை வேண்டுமென்றேதான் அங்கே விட்டு வைத்ததாகச் சொன்னான். குதிகாலைப் பார்த்திருந்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவன் தட்டினா என்ன? எல்லாம் எக்கா முதுகு," என்று யாரோ ஒருவன் சொன்னான்.

மாலை கொண்டுவந்தார்கள். அவளுக்கு முதுகுப் பக்கம் தொங்கும்படி போட்டார்கள்.

தலைவருக்குப் புதுச் செருப்பு. பத்தடி நடப்பதற்குள் கடித்துவிட்டது. அதையும் சந்தோஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் எழுதினாள். குதிகாலை எழுதினாள். 'நான் பார்த்தேன்' என்றும் எழுதினாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. மடத்துக்கு வரும் கடிதத்தை மதர் முதலில் வாசிப்பார்.

மதருக்குச் சொந்த ஊர் மணல்குறிச்சி.

அந்த வரியை அடிக்கப் போனாள். அடித்தால் முதுகுதான் காப்பாற்றியது என்றாகிவிடும். தங்கையிடம் அவள் பொய் எழுதியதில்லை.

கீழே இடம் விட்டு, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள்: மதர், இதைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட ரகசியம் போல மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பையன் நன்றாகத்தான் அடித்தான்.

எப்போதும்போல உறையின் ஒரு மூலையில் மட்டும் பசை தடவினாள். மதர் கிழிக்காமல் பிரிக்க வேண்டும்.

தபால் பெட்டி மைதான வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. காலையிலேயே மைதானத்துக்குள்ளே பந்துச் சத்தம். நேற்றைய பெனால்டியை ஷிஜின் எல்லோருக்கும் மறுபடி செய்து காட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை கையால்.

வாசலில் அவளைப் பார்த்ததும் பந்தை அடிக்க வந்தவன் நின்றுவிட்டான்.

"எக்கா, பெனால்டி."

அவள் திரும்பிக்கொண்டாள். முகத்துக்கு நேரே பெட்டியின் சிவப்பு.

கடிதத்தை உள்ளே விட்டாள்.