பேய் வீட்டுக்குப் போன தட்டு

"நோன்பு பிடிச்ச ஆளுக்கு என்னத்துக்கு மாமி சாப்பாட்டுப் பட்டி?"

ஷிஃபானா கேட்டது நியாயந்தான். கேளிக்கைப் பூங்கா வாசலில் முன்கூட்டியே காசு கட்டினால் கையில் ஒரு சிவப்புப் பட்டி கட்டிவிடுவார்கள். தங்குகிற ரெண்டு நாளும் அதைக் காட்டிக் காட்டிச் சாப்பிடலாம். மகள் நப்லா கோழிக்குஞ்சு மாதிரிக் கொறிக்கிறவள், அவளுக்கு வேண்டாம். மாமியார் பல்கீஸ் பெருநாள் கழிந்து பிடிக்கிற ஆறு நோன்பில் இருக்கிறா. ஆக, தனக்கும் புருசன் பாயிசுக்கும் எடுத்தால் லாபம். மாமிக்கும் எடுத்தால் நட்டம்.

"எனக்கும் ஒண்டு எடுங்க," என்றா பல்கீஸ் மாமி. வேறொரு கதையுமில்லை.

"உம்மா ஆசைப்படுறா, விடு," என்றான் பாயிஸ்.

விடுவதற்கு அது அவன் காசா? ஷிஃபானாட வாப்பா கொழும்பில் கடை மனேஜர். பெருநாளுக்கென்று அவர் அனுப்பின காசிலதான் மூதூரில் இருந்து இந்தப் பயணமே. வாப்பா வேர்வை சிந்தின காசை மாமி தண்ணியில கொட்டுறா என்று அவளுக்கு வயிறு எரிஞ்சுது.

உள்ளுக்குப் போனதும் மாமி இன்னொரு புதினம் சொன்னா.

"எல்லாத்திலயும் ஏறுங்க. அந்தப் பேய் வீட்டுப் பக்கம் மட்டும் ஒருத்தரும் போகப்படாது."

"ஏன் மாமி?"

"போகப்படாதெண்டா போகப்படாது."

துறைமுகத்துத் தண்ணியை ஒட்டி நின்ற பழைய ஸ்டோர் ஒன்றைத்தான் பேய் வீடாக்கி வைத்திருந்தார்கள். தார் பூசின சுவர். ஜன்னலில்லை. வாசலில் கறுப்புத் திரை. காத்தே இல்லாத நேரத்திலும் அந்தத் திரை உள்ளுக்கு இழுபடும், ஆரோ மூச்சு இழுக்கிற மாதிரி.

பகல் சாப்பாட்டு நேரம் நப்லாவைக் காணவில்லை. தேடிப் போனால், அந்தத் திரையை விலக்கிக்கொண்டு தனியே வெளியே வருகிறாள். முழங்காலில் சிராய்ப்பு. அழவில்லை.

"உள்ளுக்கு விழுந்துட்டன் உம்மா. பேய் தூக்கி விட்டிச்சு."

"பேயா?"

"ஓம். 'பாத்து நப்லா' எண்டு சொல்லிச்சு."

ஷிஃபானாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "உன்ட பேர் அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியா. அதுட கை நடுங்கிச்சு உம்மா."

"வேலை செய்யிற ஆள்தானே. நாம கூப்பிட்டதக் கேட்டிருப்பான்," என்று பாயிஸ் சிரித்தான். மாமி சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போய் நின்றா.

சாப்பாட்டு மண்டபத்தில் பட்டியை நீட்டி, சோறும் மீன் ஆணமும் தட்டு நிறைய வாங்கினா மாமி. "வெளியால கொஞ்சம் இருந்திட்டு வாறன்," என்று தட்டோடு போனா. திரும்பி வரும்போது தட்டில் முள்ளு மட்டும்.

"சோறு எங்க மாமி?"

"போற இடத்துக்குப் போயிட்டு."

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் மாமி எல்லாருக்கும் முன்னால் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து நோன்பு துறந்தா. ஷிஃபானா புருசனின் காதைக் கடித்தாள்.

"பகல் ஒளிச்சுத் திண்டுட்டு இப்ப நோன்பு துறக்கிறாவாம். என்ன நடிப்பு!"

"வாயப் பொத்து."

"நாளைக்குக் கையும் களவுமாப் பிடிச்சுத் தாறன், பாருங்க."

அடுத்த நாள் பகல். கொதிக்கிற வெயிலில் வெளியே ஒரு குருவி இல்லை. மாமி தட்டை எடுத்தா. அங்குமிங்கும் பார்த்தா. நேரே பேய் வீட்டுக்கு நடந்தா. பின்னாலேயே ஷிஃபானா, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.

உள்ளே ஓயாமல் கேட்கிற மெசின் சிரிப்பு சட்டென்று நின்றது. மாமி திரையோடு வாயை வைத்து என்னவோ முணுமுணுத்தா.

திரை அசைந்தது. சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கை வந்தது. நண்டுக்கால் மாதிரி நகங்கள். தட்டை வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் போயிற்று.

சத்தம் போட்டுப் பிடிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமி வெளியே நிற்கிறா. சாப்பிடுவது உள்ளே.

"பிஸ்மில்லாஹ்," என்றது பேய்.

ஷிஃபானா கையிலிருந்த செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். பேய் பிஸ்மி சொன்னதால் இல்லை. அது வாப்பாட குரல்.

"ராத்தா, கடை பூட்டின கதை ஷிஃபானாட காதுக்குப் போயிராமப் பாருங்க. இஞ்ச வாறமெண்டு அவள் போனில சொன்ன நேரம் எனக்கு உசிரே போயிட்டு. அதாலதான் உங்களுக்கு மட்டும் சொன்னனான்."

"போகாது தம்பி. நீங்க முதல்ல திண்ணுங்க. சம்பளத்த அப்பிடியே புள்ளைக்குப் பெருநாள் காசெண்டு அனுப்பிப்போட்டு, இவ்வளவு நாளும் என்னத்தத் திண்டீங்க?"

சோறு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெறும் தட்டு வெளியே வந்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பின மாமி, பின்னால் நின்ற மருமகளைக் கண்டு திடுக்கிட்டா. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் திரைக்குத் தூரமாய் இழுத்துக்கொண்டு போனா.

"எப்ப வந்தனீ?"

ஷிஃபானா கண்ணைத் துடைத்தாள். "இப்பதான் மாமி. வெயில்... கண்ணுக்குள்ள குத்துது."

மாமிக்கு மூச்சு வந்தது. தண்ணி படாமல் வெடித்து வெள்ளை பூத்திருந்த உதட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தா, ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

"பசி தாங்க ஏலாமப் போயிட்டு புள்ள. நான்தான் திண்டன். ஒருத்தரிட்டயும் சொல்லிராத."