மூன்றாவது அகப்பை

"எத்தன பேருக்குளா?"

பர்னபாஸ் அண்ணாச்சி சோற்று அண்டாவுக்குள் அகப்பையை விட்டபடியே கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். ஜெபசுதா வீட்டுக்கு மூன்று என்பது ஊருக்கே தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் நடக்கும் அசன விருந்தில் தலைக்கு ஓர் அகப்பைச் சோறு. தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு, அதை யாரும் குறைக்க மாட்டார்கள். மகன் பெவினின் பங்கைக் குழம்பு ஊற்றாத வெறுஞ்சோறாக வாங்கிப் போவாள் ஜெபசுதா. மொட்டைமாடியில் வேட்டி விரித்து, காக்கைகளோடு மல்லுக்கட்டி, வற்றலாகக் காயவைத்து அனுப்புவாள்.

பெவின் இருப்பது யாரோ ஒரு நாட்டுக்காரனின் போர்முனையில். சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் கூட்டிப்போனான். போய் இறங்கிய வாரமே உடுப்பை மாட்டிவிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், பாவிகள். நம் பட்டாளமாக இருந்தாலாவது போய் நின்று கேட்க ஓர் இடம் இருக்கும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் குரலே இல்லை.

ஆனால் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு மத்தியானம், அவள் கணவர் கிருபாநிதி செல்போனோடு அடுப்படிக்கே வந்து சொன்னார். பெவினோடு இருக்கும் பையன் தகவல் அனுப்பியிருக்கிறானாம். பெட்டி கிடைத்துவிட்டதாம். வற்றலை வெந்நீரில் போட்டு வேகவைத்துத் தின்றானாம். உப்புதான் பத்தவில்லையாம்.

உப்பு பத்தவில்லை என்ற அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபசுதா இத்தனை நாளும் நடமாடினாள். இந்தத் தடவை சேர்த்து அனுப்ப, ஆறுமுகநேரிக் கல்லுப்பில் ஒரு பொட்டலம் தனியாகக் கட்டியும் வைத்திருந்தாள்.

பந்தலின் அந்தப் பக்கம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் 'பெவின் அண்ணனுக்கு' என்று எழுதிய கடிதங்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கிருபாநிதி ஒவ்வொன்றாக வாங்கி இந்த வருடத்துப் பெட்டிக்குள் அடுக்கினார். வாத்தியார் கையெழுத்து அவருக்கு. பெட்டியின் மேல் முகவரி முத்து முத்தாக இருந்தது.

ஜெபசுதா பித்தளைத் தூக்கை நீட்டினாள்.

"ரெண்டு போதும் அண்ணாச்சி."

அகப்பை அப்படியே நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாநிதி எழுந்து வந்தார், கூட்டத்துக்காகச் சிரித்துக்கொண்டே.

"மூணுல்லா? நம்ம பிள்ள பங்க மறந்துட்டியாக்கும்?"

அவள் தூக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவர் கண் அதன்மேல் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது.

அசனத்துக்கு மட்டுமே இறங்கும் தூக்கு அது. மற்ற நாளெல்லாம் பரணின் கடைசி மூலையில் கிடக்கும். அங்கே யார் கையும் போகாது என்று நம்பிய மனிதருக்கு இந்த ஒரு நாள் மறந்துபோயிருக்கிறது.

இன்னும் எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தாள். பர்னபாஸ் அண்ணாச்சி ஒன்றும் விளங்காமல் மூன்றாவது அகப்பையையும் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று காலையில் பரணிலிருந்து தூக்கை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு பெட்டியும் சேர்ந்து வந்தது. போன வருடத்துப் பெட்டி. அதே முத்து முத்தான முகவரி. அதன் குறுக்கே அந்தத் தேசத்துப் புரியாத எழுத்தில் ஒரு முத்திரை, போய்த் திரும்பி வந்ததற்கு. ஒட்டிய டேப் பிரிக்கப்படவே இல்லை.

அவள் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சோறு கலகலத்தது.