மூன்றாவது பட்டை

மூன்று ஸ்டிக்கர் துண்டுகளையும் பிரின்டிங் கடை ரிஃபாயின் மேசைமேல் குப்புறப் போட்டாள் அறிவுமதி.

படம் அச்சடிக்க வருகிறவர்கள் முகம் பளிச்சென்று வருமா என்று பார்ப்பார்கள். இவளுக்கு ஸ்டிக்கரின் முதுகுதான் முக்கியம்.

போன வாரம் இதே கடையிலிருந்து மாதிரிக்கு வாங்கிப்போய், நெரவியில் அப்பா கட்டியிருக்கும் புதுவீட்டு ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஹாலுக்கு அடித்த அதே பெயிண்ட்தான் அங்கேயும். காலையில் உரித்தெடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

முதல் துண்டு வரும்போது பெயிண்ட்டையும் அப்பளம் போலப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. இரண்டாவது, பசையைச் சுவரிலேயே விட்டுவிட்டது. மூன்றாவது துணி மாதிரி மெத்தென்று இருந்தது. எங்கேயும் ஒட்டியே அறியாததுபோல் சுத்தமாக வந்திருந்தது.

“இதுதான் பாய். இதுலயே அடிங்க.”

“அப்பா மொத ரகத்தையில்லம்மா சொல்லிட்டுப் போனாரு. சுவரு இடிஞ்சாலும் ஸ்டிக்கர் நிக்கணும்னாரு.”

அப்பா கோவிந்தராசு அப்படிச் சொல்லக்கூடியவர்தான். கிரகப்பிரவேசத்துக்குள் ஹாலின் பெரிய சுவர் முழுக்கக் குடும்பப் படம் ஏறிவிட வேண்டும் என்று நிற்கிறார். சாமியெல்லாம் உள் அறையில் இருந்துகொள்ளலாம். ஹால் சுவர் பிரான்ஸ் மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளைக்கு செந்தில்குமார் என்று ஒரு பெயர் உண்டு. கோவிந்தராசு வாயிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை. உரக்கடையிலும் பிரான்ஸ் மாப்பிள்ளை, சலூனிலும் பிரான்ஸ் மாப்பிள்ளை. பாரிசில் இப்போது மணி என்ன என்று சொன்ன பிறகுதான் நடவாட்களைச் சாப்பாட்டுக்கே விடுவார்.

கல்யாணம் ஆன கையோடு வயலில் எடுத்த படம் அது. இடது ஓரத்தில் அம்மா, பக்கத்தில் அறிவுமதி, அப்புறம் கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, வலது பக்கம் கோட்டு சூட்டில் கோவிந்தராசு. சூட்டில் பாதிதான். கோட்டுக்குக் கீழே மடித்துக் கட்டிய வேட்டி இருந்தது. ரிஃபாய் பெரிய மனது பண்ணி எல்லாரையும் இடுப்போடு வெட்டிவிட்டார்.

கோவிந்தராசுவின் ஒரு கை மாப்பிள்ளையின் தோள்மேல். தோளைப் பிடித்த மாதிரி இல்லை, பாஸ்போர்ட்டைப் பிடித்த மாதிரி இருந்தது.

படம் எடுத்த மறுவாரமே மாப்பிள்ளை விமானம் ஏறினார். அறிவுமதிக்கு விசா வந்துகொண்டே இருப்பதாக ஊருக்குத் தகவல். பாரிசிலிருந்து கிளம்பி நடந்தே வந்திருந்தால்கூட அந்த விசா இதற்குள் நெரவிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

மேசைமேல் இருந்த போன் அடித்தது. கோவிந்தராசுதான். ரிஃபாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“பாய், எம் பேரன் அவன் பேரனுக்கு இந்தப் படத்தக் காட்டணும். அந்த மாதிரி பசையாப் போடுங்க.”

அறிவுமதி போன் பக்கம் குனிந்தாள். “பேரன் பொறந்தா அவனையும் சேத்துப் புதுசா ஒட்டணும்லப்பா? அப்ப இத எப்படி எடுப்பீங்க? சுவத்த சுரண்டிக்கிட்டு நிப்பீங்களா?”

பேரன், அதுவும் பிரான்ஸ் பேரன் என்றதும் மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

“பொண்ணு சொல்றதையே போட்டுடுங்க பாய்” என்று வைத்துவிட்டார்.

ரிஃபாய் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவ்வளவு பெரிய சுவருக்கு ஒரே தாளாக அடிக்க முடியாது. மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக அடித்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவேண்டும். எங்கெங்கே வெட்டு விழும் என்று படத்தின்மேல் கோடு போட்டு வைத்திருந்தார்.

அறிவுமதி ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தாள். “இது இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும் பாய். எனக்கும் அவருக்கும் நடுவுல.”

நகர்த்தினார்.

“அடுத்தது அவருக்கும் அப்பாவுக்கும் நடுவுல. ஒட்டறப்ப ஒரு பட்டை மேல இன்னொண்ணு ஏறக் கூடாது. ஒண்ண உரிச்சா பக்கத்துல உள்ளது கூடவே வரக் கூடாது.”

மூன்றாவது பட்டையில் மாப்பிள்ளை தனியாக நின்றார்.

“இந்தப் பட்டைய மட்டும் ரெண்டா அடிச்சுக் குடுங்க. ரெண்டாவதுல ஆள் வேணாம். வயல் மட்டும் போதும்.”

மவுஸ்மேல் இருந்த ரிஃபாயின் கை நின்றுவிட்டது.

“எனக்கு விசாவுக்கு அவரு எழுதிப் போடவே இல்ல பாய். நல்லா விசாரிச்சுட்டேன். வக்கீலையும் பாத்துட்டேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

“கிரகப்பிரவேசம் முடியட்டும். சாப்பிட வந்தவங்கள்லாம் படத்தப் பாத்துட்டுப் போவட்டும். மறுநாள் காலையில நானே சொல்லிடுவேன். சொல்லிட்டு நானே அவர உரிச்சுட்டு வயல ஒட்டிடுவேன்.”

ரிஃபாய் மறுபடி மவுஸை நகர்த்தினார். பக்கத்திலிருந்த வயல் பச்சையை எடுத்து மாப்பிள்ளையின்மேல் பூசிக்கொண்டே வந்தார். கூலிங்கிளாஸ் போயிற்று, தோள் போயிற்று. அந்த இடத்தில் நெற்பயிர் வந்து நின்றது.

ஒன்று மட்டும் மிச்சம். பக்கத்துப் பட்டையிலிருந்து கோடு தாண்டி நீண்டிருந்த கோவிந்தராசுவின் கை, எதையும் பிடிக்காமல் வயலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“கையையும் அழிச்சுடவாம்மா? கோட்டோட நிறுத்திக்கலாம்.”

அறிவுமதி திரையில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

“வேணாம் பாய். கைக்கு அடியில ஒரு நாற்காலி வச்சுடுங்க. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைக்குப் போடுவாங்கள்ல, நல்லா ஒசரமா, செவப்பு வெல்வெட்டுல, அது. அப்பாவுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்க ஏதாவது வேணும்.”