வளைவுக்கு அப்பால் கடல்

இருபுறமும் காயல் நீர், நடுவே சரளைப் பாதை. லாரி இல்லை, ஹாரன் இல்லை. நாரைக் கூட்டத்தைத் தாண்டி அஹ்ஸன் சைக்கிளை மிதித்தார். முன்னே தெரிந்த வளைவில் திரும்பினால் கடல்.

"ஒரு வாய் தண்ணி குடிங்ணா," என்றாள் கூடவே இருந்த வினிதா.

"வேண்டாம் கண்ணு."

"காலைல இருந்தே குடிக்கலீங்க. மயக்கம் போட்டுருவீங்க!"

"இன்னும் கொஞ்ச தூரந்தான். இன்னைக்காவது கடலைப் பாத்தர்றேன்."

வளைவு நெருங்கியது. வினிதா அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"நனைஞ்சிருச்சுங்ணா. இறங்குங்க."

அவள் டிவியை அணைத்ததும் காயல் மறைந்து, பனியன் கம்பெனியின் சோதனை அறைச் சுவர் தெரிந்தது. தரையோடு பூட்டியிருந்த சைக்கிளிலிருந்து அஹ்ஸன் இறங்கி, ஏற்றுமதிக்குப் போகும் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தார். அது வேர்வையில் நனையும்வரை மிதிப்பதுதான் அவர் வேலை. நாளை படம் மறுபடி முதலிலிருந்துதான் ஓடும்.

"தண்ணி குடிக்காட்டி வேர்க்காதுன்னு பாத்தேன்," என்றார்.

வினிதா பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஏங்கண்ணு, நாளைக்கு வர்ற துணியாச்சும் கொஞ்சம் லேட்டா நனையுமா?"