டயர் திட்டிய படகு

தீவின் படகுத்துறைச் சுவரில் ஒரு பழைய டயர் தொங்கியது. அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் படகு தினமும் அதன்மேல் இடித்துத்தான் நிற்கும்.

"மெதுவா வரமாட்டியாடா, தடியா? இனிமே இந்தப் பக்கமே வராதே!" என்று டயர் வலியில் கத்தும். படகு சிரிக்கும்.

ஒருநாள் படகு வரவில்லை. அதன் கூரையில் ஓசியில் வந்துபோகும் காக்கை மட்டும் மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"அண்ணே, நம்ம படகைக் கரையில ஏத்தி உடைச்சிட்டாங்க. இனி இந்தத் தீவுக்குப் படகே கிடையாதாம்."

"போடி பொய்க்காரி! நான் திட்டினதுல கோவிச்சுக்கிட்டு அங்கேயே நிக்குது. கோவம் தணிஞ்சா வந்துடும்."

காக்கை சுவரின்மேல் வந்து உட்கார்ந்தது.

அலை வந்து டயரைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

"மெதுவாடா, தடியா" என்றது டயர். அதற்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.