பாதியில் நின்ற பாட்டு

கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்றவன் சட்டென்று பாட்டை நிறுத்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான். வெளியே உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்பதாவது பாட்டும்மா. நேத்தும் இதே இடத்துலதான் நின்னான்" என்றார், பக்கத்தில் இருந்த அம்மாவிடம்.

அழுதவனுக்கு மேடையில் பெயர் 'கரண்ட்'. அவனும் சுருட்டையும் சேர்ந்து ராப் பாடியவர்கள். சுருட்டை இறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தத் துக்கத்தைத்தான் கரண்ட் ஒன்பது பாட்டாக்கி, எந்தக் கம்பெனியையும் நம்பாமல், தானே ஆல்பமாக வெளியிடப்போகிறான்.

வந்திருப்பவள் சுருட்டையின் அம்மா. கணவர் போன மறு வருஷமே மகனையும் பறிகொடுத்தவள். அட்டையில் மகனின் போட்டோவைப் போட அவள் கையெழுத்து வேண்டும் என்று கரண்ட்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. சும்மா காதுல வாங்கிக்கோங்க, போதும்" என்று வழியிலேயே சொல்லியிருந்தான்.

இன்ஜினியர் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

'உன் செருப்பு என் காலுக்குச் சரியாப் போச்சு, உன்ன மாதிரி நடக்கத்தான் வரல...'

அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மகனுக்காக ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, இன்ஜினியர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

பாட்டு பாதியில் நின்றது. கரண்ட் வெளியே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"இதுக்கு மேல எழுத வரலம்மா. மூணு மாசமா முட்டி மோதிப் பாத்துட்டேன். துக்கம் தொண்டைய அடைக்குது."

"அப்படியே விட்டுடு தம்பி. பாதியில நிக்கிறதுதான் இதுக்கு அழகு. கேக்கறவன் கதறிடுவான்" என்றார் இன்ஜினியர்.

அம்மா கரண்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஒரு தட்டு வைத்தால் இவனுக்கும் ஒரு தட்டு வைத்தவள். ஆஸ்பத்திரியில் மகனின் பையை இவனை நம்பித்தான் கொடுத்து வைத்தாள்.

"எல்லாம் நீ எழுதினதாப்பா?"

"ஒவ்வொரு எழுத்தும் நான்தாம்மா. அவன நெனச்சு நெனச்சு எழுதினது."

"அந்தச் செருப்பு?"

"அது... அவனோடதுதாம்மா."

"அவன் கால் உன் காலவிட ரெண்டு அளவு சின்னதாச்சேப்பா."

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். கரண்ட் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பேச்சை மாற்ற, தாளையும் பேனாவையும் அவசரமாக அவள் பக்கம் நீட்டினான்.

அவள் பேனாவை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாளை எடுத்துப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். அதில் சுருட்டையின் கையெழுத்தைப் பார்த்ததும் கரண்ட்டின் முகம் வெளுத்தது.

அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்கப்பா போட்டோவுக்குப் பின்னால சொருகி வச்சிருந்தான். அவன் பையிலேருந்து நீ தூக்கிட்டுப் போன நோட்டோட கடைசிப் பக்கம்."