ஓரெழுத்துக் கட்டளை

“ஒரே ஒரு எழுத்தும்மா. ‘போ’. அதைச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?”

முதல் சுற்று முடிந்ததும் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தொழிற்கல்லூரிப் பணிமனையின் சிமெண்டுத் தரையில், சுண்ணக்கட்டியால் கிழித்த கோட்டின் மேல், உள்ளங்கை அகலச் சக்கர வண்டி ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. நான்கு மீட்டர் தள்ளி ஒரு சிவப்புக் கட்டம். ‘போ’ என்ற சொல் காதில் விழுந்தால் வண்டி கட்டத்துக்குப் போகும். ‘வா’ என்றால் கோட்டுக்குத் திரும்பும். போன வண்டி, பத்து எண்ணும்வரை கட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும்.

இரண்டு நாள் ரோபோ பயிற்சிப் பட்டறையின் கடைசிப் பிற்பகல் அது. ஒரு வீட்டுக்கு இருவர். ஒருவர் கருவியைச் செய்ய வேண்டும், மற்றவர் அதனோடு பேச வேண்டும். முதலிடம் பெறும் வீட்டில் கருவி செய்தவருக்கு, ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மையத்தில் விடுதியோடு ஓராண்டுப் படிப்பு. இருபது வீட்டாருக்கும் சேர்த்து அந்த ஒற்றை இடம்தான்.

அதற்காகவே மகள் விரல் நுனியில் இரண்டு கொப்புளங்களோடு கம்பிகளைப் பற்றவைத்திருந்தாள். அம்மா தையல்காரி, பேசுவதற்காக மட்டும் வந்தவள். வேலையில்லாத பொழுதெல்லாம் கழுத்தில் அளவு நாடாவும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, வாசலில் கொடுத்த விதித்தாளை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். அதில் யாருடைய சட்டை அளவு போட்டிருக்கிறது என்று மகள் முதல் நாளே கேலி செய்தாயிற்று.

அந்த முதல் சுற்றில் மற்ற வண்டிகளெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஹாரன் அடிப்பதுபோல் ‘போ’ என்று அலறினார். அவருடையதுகூடப் பயந்தடித்துக்கொண்டு போய் நின்றது. தன் முறை வந்ததும் அம்மா குனிந்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் குரலில் சொன்னாள்:

“போயிட்டு வா.”

வண்டி போனது. கட்டத்தைத் தொட்டது. சொன்ன சொல் தட்டாமல் திரும்பி வந்து அம்மாவின் காலடியில் நின்றது.

பணிமனை சிரிப்பில் குலுங்கியது. பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளை வளர்த்தா இப்படி வளர்க்கணும்” என்றார்.

இரண்டாம் சுற்றிலும் அதே கதை. கிளம்பி நிற்பவரைப் பார்த்து மொட்டையாகப் ‘போ’ என்று சொல்லிப் பழக்கமில்லை, நாக்கு எழவில்லை என்று அம்மா சமாதானம் சொன்னாள். மகளுக்கு வேறொன்று உறைத்தது. ஒரு மாதமாகவே, ‘நீ போயிட்டா காஜா யாரு எடுப்பா, பட்டன் யாரு வைப்பா’ என்று வீட்டில் அம்மாவின் ஒரே புலம்பல். அவள் அம்மாவை ஓரமாக அழைத்துப் போனாள்.

“என்னை அனுப்ப மனசில்லேன்னா நேரா சொல்லிடும்மா. நாலு பேர் முன்னாடி இப்படி வேணும்னே பண்ணாதே.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“சட்டை அளவு சேரலேன்னா சட்டையைத்தான்டி பிரிப்பாங்க. ஆளையா பிரிச்சுத் தைப்பாங்க?”

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தவள், வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் சுற்றுக்குள் ‘போ’வையும் ‘வா’வையும் வண்டியின் நினைவிலிருந்து அடியோடு அழித்தாள். அம்மாவைப் பத்து முறை ‘போயிட்டு வா’ என்று சொல்லவைத்துப் பதிவு செய்து, அந்த முழுச் சொற்றொடருக்கும் ‘போய் நில்’ என்பதுதான் பொருள் என்று வண்டிக்குப் புதிதாகக் கற்பித்தாள். பயிற்சியாளர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“போயிட்டு வா” என்றாள் அம்மா, மூன்றாம் முறையாக.

வண்டி போய்க் கட்டத்துக்குள் நின்றது. ஏழு எண்ணும்போது விளக்கு ஒருதரம் இமைத்தது. ஓட்டுநர் உட்பட எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு. ஒன்பது. பத்து.

ஆனாலும் என்ன, மற்ற வீட்டாரெல்லாம் மூன்று முறை வென்றிருந்தார்கள். மகள் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள். அதனால்தான், முதலிடம் தங்களுக்கே என்று பயிற்சியாளர் அறிவித்தபோது, தவறுதலாகச் சொல்கிறார் என்று எழுந்து திருத்தப் போனாள்.

“விதித்தாளோட பின்பக்கத்தை யாருமே படிக்கலையா? ஓடுற வண்டியை ஓட்டுறதுல என்ன இருக்கு? ஓடாததை ஓட வைக்கிறதுதான் படிப்பு” என்றார் அவர்.

அந்தத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதே மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் பையைத் துழாவி, எட்டாக மடித்திருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். ‘இரண்டு சுற்றுகளில் தவறிய கருவியை, பேசுபவரின் வழக்கத்துக்கு ஏற்றபடி திருத்தி மூன்றாம் சுற்றில் வெல்பவர்க்கு ஐந்து மடங்கு மதிப்பெண்’ என்ற வரியின் அடியில், துணி வெட்டக் குறியிடும் நீலச் சுண்ணத்தால் அழுத்தமாக ஒரு கோடு.

“அப்போ உனக்குப் ‘போ’ன்னு சொல்ல வரும்?”

“ஏன் வராது? தினம் கடை வாசல்ல படுக்குற நாயை என்ன சொல்லி விரட்டுறேனாம்?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்” என்ற அம்மா, பந்தயம் கட்டியவள்போலக் குனிந்து வண்டியிடம் கணீரென்று, “போ” என்றாள்.

வண்டி அசையவில்லை, அந்த ஓரெழுத்தைத்தான் மகள் அழித்துவிட்டாளே.